பல வருடம் பிரிந்திருந்து விவாகரத்து: மாதப் பணமா, மொத்தத் தொகையா, நிலமா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் ‘தீர்த்துக்கொண்டு’ ஆளுக்கொரு திசையில் போனவர்கள் உண்டு. சாதி வழக்கம் அப்படி என்று நிரூபித்தால் ஒழிய, இந்து திருமணச் சட்டத்தின் முன் அது விவாகரத்தே இல்லை. அப்படியே கிடக்கட்டும் என்றும் விட முடியாது. இருபது வருடம் பிரிந்திருந்த மனைவி உயில் எழுதாமல் இறந்தால், அவர் சித்தாள் வேலை பார்த்து வாங்கிய மனையில் பிள்ளைகளோடு கணவருக்கும் சமபங்கு போகும்.

‘விவாகரத்தானால் பாதிச் சொத்து’ என்பது சினிமாப் பேச்சு. இங்கே கேட்க முடிவது இந்து திருமணச் சட்டம் 25ஆம் பிரிவின் நிரந்தர ஜீவனாம்சம். நகையும் சீரும் மனைவியுடையவை, அவற்றைப் பேரத்தில் சேர்க்கவே கூடாது. கணவர் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது விவாகரத்து வழக்கல்ல. ஆனாலும் வளைகுடாப் பணத்தில் வீடு கட்டியவர்கள் வக்கீலிடம் சொல்லிவைக்கலாம்.

கணவருக்கு அரசு வேலையோ சிமெண்ட் ஆலையில் நிரந்தர வேலையோ இருந்தால் மாதப் பணம் சரி. சம்பளத்தை மறைக்க முடியாது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விலை போனால்தான் காசு பார்ப்பவரிடம் அது வேண்டாம், பாக்கிக்காகக் கோர்ட்டுக்கு நடந்தே ஓய்ந்துவிடுவீர்கள். இன்னொரு சிக்கல்: விவாகரத்து ஆகாமல், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழும் மனைவி பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125) ஜீவனாம்சம் கேட்க முடியாது. அந்த இருபது ரூபாய்ப் பத்திரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டப்போவது அங்கேதான்.

மொத்தத் தொகை பரஸ்பர சம்மத விவாகரத்தோடு பொருந்தும். ஆறு மாதக் காத்திருப்பைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இலேயே சொல்லிவிட்டது. பணத்தை டிமாண்ட் டிராஃப்டாக, இறுதி விசாரணைக்குள் முழுதாக வாங்குங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியில் பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு ஏக்கர் தருகிறேன் என்பார். பட்டாவில் கொழுந்தனார் பெயரும் இருக்கும். முதலில் வில்லங்கச் சான்று, பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா. கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை எந்த வரப்பில் என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறவேண்டும். தண்ணீரும் பாதையும் இல்லாத மானாவாரிக் காடு கடைசியில் பங்காளிக்கே அடிமாட்டு விலைக்குப் போகும். தீர்ப்புக்கு முன்பே செட்டில்மெண்ட் பதிந்தால் குடும்ப உறுப்பினருக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், சம்பளக்காரர் அல்லாதவரிடம் மொத்தத் தொகையே மேல். தனிப்பட்டா ஆன நிலம் அடுத்தது. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.