தமிழில் வரும் பிழைச் செய்தியைச் சோதிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் கட்டளை டைப் செய்யும்போது தவறு நேர்ந்தால் ஒரு வரிச் செய்தி வரும். இதற்குப் பிழைச் செய்தி என்று பெயர். லினக்ஸில் பல புரோகிராம்கள் இச்செய்திகளை கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் மொழிபெயர்த்துக் காட்டுகின்றன. ஆங்கில வரியும் அதன் மொழிபெயர்ப்பும் ஜோடியாக ஒரு பைலில் இருக்கும். ஜோடி கிடைக்காவிட்டால் ஆங்கிலமே வரும்.

முதலில் பிரெஞ்சில் சோதிப்போம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது புதிதல்லவே! பிரெஞ்சு மொழி பேக்கை நிறுவிக்கொள்ளுங்கள். டெர்மினலில் எல்.எஸ். கட்டளையுடன் இல்லாத பைல் பெயர் ஒன்றைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். அப்படி ஒரு பைல் இல்லை என்று ஆங்கிலத்தில் வரும். அதே கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல் என்ற மாறியில் பிரெஞ்சைக் குறிப்பிட்டு மீண்டும் இயக்குங்கள். இப்போது 'ஓக்குன் ஃபிஷியே' என்று பிரெஞ்சில் வரும். ஆங்கிலமே வந்தால் மொழி பேக் சரியாக அமையாமல் இருக்கலாம்.

தமிழுக்கு இன்னும் மூன்று சோதனைகள் தேவை.

1. வரிசை: ஆங்கிலத்தில் பைல் பெயர் முதலிலும் போல்டர் பெயர் பிறகும் வரும். தமிழில் 'வீடு போல்டரிலிருந்து கணக்கு பைலை அழிக்கவா?' என்று மாறும். மொழிபெயர்ப்பவர் ஒன்று, இரண்டு என இட எண் தராவிட்டால், 'கணக்கு போல்டரிலிருந்து வீடு பைலை அழிக்கவா?' என்று கேட்கும். இதை நம்பி சம்மதித்தால் போவது உங்கள் கணக்கு பைல்! கெட்டெக்ஸ்டுடன் வரும் சோதனைக் கருவி, இடங்களின் எண்ணிக்கையும் வகையும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்கும். இரண்டும் எழுத்து வகை என்பதால் இந்தத் தவறு அதில் சிக்காது. செய்தியை வரவழைத்துக் கண்ணால் படிப்பதே வழி.

2. நீளம்: யூடிஎஃப்-8 முறையில் 'முத்தியால்பேட்டை'யின் 8 எழுத்துகளுக்கு 48 பைட் தேவை. ஆங்கிலத்தை மனதில் வைத்து ஒதுக்கிய இடத்தில் தமிழ்ச் செய்தி பாதியில் வெட்டுப்படலாம். எனவே நீளமான பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

3. பதில்: 'ஆம்' என்பதற்கு எந்த கீயை ஏற்கிறது, 'இல்லை' என்றால் உண்மையில் நிறுத்துகிறதா என்று பாருங்கள். வேண்டாத காலி பைல்களை வைத்தே இதைச் செய்யுங்கள்.

செய்தியின் மொழி மாறினாலும், கட்டளை முடிந்ததும் திருப்பித் தரும் எண் மாறக்கூடாது. எல்.எஸ். அந்தப் பைல் இல்லாதபோது எம்மொழியிலும் 2 என்றே தரும். வேறு புரோகிராம்கள் நம்பவேண்டியது அந்த எண்ணை, செய்தி நமக்காக.