மேட்டை வெட்டாமல் வீடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையோரச் சரிவில் ஒரு மனை அமைந்தால், பலரும் முதலில் கூப்பிடுவது பொக்லைனைத்தான். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஏலக்காய் விவசாயி அப்படிச் செய்வதில்லை. பலாவையும் சந்தனவேம்பையும் நிற்கவிட்டு, கிளையை மட்டும் கவாத்து செய்து, நிழலுக்கடியில் செடி வைக்கிறார். வீட்டையும் அப்படி வைக்கலாம்.

மனையை இரண்டு பருவங்களில் நடந்து பாருங்கள். கேரளப் பக்கம் பெய்து தீர்த்த தென்மேற்குப் பருவமழை, போடிப் பக்கச் சரிவுக்குப் பெரும்பாலும் காற்றாகவே இறங்குகிறது. அம்மியை அசைக்கிற அந்த ஆடிக்காற்று எந்த இடுக்கில் வருகிறது என்று பார்த்துவையுங்கள். ஐப்பசி அடைமழையில் குடையோடு மறுபடி போய், நீர் ஓடும் தடமெல்லாம் முளைக்குச்சி அடியுங்கள். அடிமரம் வில்லாக வளைந்த மரங்கள், மண்ணில் பிறை வடிவ வெடிப்பு, மாசியிலும் காயாத ஈரம் ஆகியவை இருந்தால் அங்கே மண் மெல்ல நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வறண்டு கிடந்தாலும் ஓடை ஓடைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் மேலிருந்து இறங்கிய மண்ணும் பாறையும் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளை மூடி 70 உயிர்களைக் கொண்டுபோயின. ஓடைக்கரையில் மனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மனை இருக்கும் ஊர், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அடுத்து சரிவை அளக்க வேண்டும். கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். 30 அடி நீளத்தில் 6 அடி இறக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தளமாக வீடு வைத்தால் மேல்பக்கம் 3 அடி வெட்டி, கீழ்ப்பக்கம் 3 அடி நிரப்ப வேண்டும். பத்துப் பத்து அடியாக மூன்று தளம் வைத்தால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 அடி தாழ்வு. வெட்டுவது ஒரு அடி, நிரப்புவது ஒரு அடி. தளத்துக்குத் தளம் அரையடி உயரத்தில் நான்கு படிகள்.

படி என்றதும் வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் நினைவுக்கு வரவேண்டும். அடுப்படி, அவர்கள் படுக்கும் அறை, குளியலறை மூன்றையும் வாசல் இருக்கும் தளத்திலேயே வையுங்கள். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் அறை, விருந்தினர் அறை, ஏலக்காய் மூட்டை வைக்கும் இடமெல்லாம் மற்ற தளங்களுக்குப் போகட்டும்.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தன் குடும்பத்துக்குக் கட்டிக்கொண்ட வீடு, சரிவை வெட்டாமல் கட்டுவதற்கு நல்ல பாடம். பாறைச் சரிவில், பாறையையும் மரத்தையும் அதனதன் இடத்தில் விட்டு, மேடு போன போக்கில் படிப்படியாக வளர்ந்த வீடு அது. அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் இடுக்கி மாவட்டத்து வாகமண் மலையில் வாழ்ந்தவர்.

தை பிறந்ததும் வானம் தோண்டினால் கோடை மழைக்குள் அடித்தளம் முடியும். நிரப்பிய மண்ணில் எந்தச் சுவரும் நிற்கக்கூடாது. கடைக்கால் கெட்டி மண்ணைத் தொட்டாக வேண்டும். தாங்குசுவரை 4 அடிக்கு மேல் நீங்களாக உயர்த்தாதீர்கள், அதற்கு மேல் பொறியாளர் கணக்கிட வேண்டும். கருங்கல் சுவரென்றால் அடிப்பாக அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், மலைப்பக்கம் சற்றே சாய்ந்து இருக்கட்டும். சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு குழாய் வைத்து நீரை வெளியே விடுங்கள். பின்னால் தேங்கும் நீர்தான் பெரும்பாலும் சுவரைத் தள்ளுகிறது.

வீட்டுக்கு மேற்புறம், சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகலக் கான் வெட்டிக் கல் பதியுங்கள். மேலிருந்து வரும் நீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடையில் சேரட்டும், பக்கத்துத் தோட்டத்தில் அல்ல. கூரை நீர் தொட்டிக்குப் போகட்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியை வீட்டுக்குக் கீழ்ப்புறம், தாங்குசுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

போடிப் பக்கச் சரிவு பெரும்பாலும் கிழக்கு பார்த்தது. காலை வெயில் தாராளம். மாலையில் மலை சூரியனைச் சீக்கிரம் மறைத்துவிடும். ஆகவே திண்ணையும் பெரிய சன்னல்களும் கிழக்கே, சிறிய சன்னல்கள் மேற்கே. ஆடிக்காற்று தூக்காதிருக்க, கூரையின் மேற்கு விளிம்பை அதிகம் நீட்டாதீர்கள். தகரமோ ஓடோ, சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

கீழ்ச்சரிவில் புல்வெளி இருந்தால் தீயை நினையுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் ஓடிய தீ மலையேற வந்தவர்களைச் சூழ்ந்ததைப் போடி மறக்காது. மாசிக்கு முன்பே வீட்டைச் சுற்றி 30 அடிக்குப் புல்லை அறுத்துவிடுங்கள்; வேர் மட்டும் மண்ணில் இருக்கட்டும்.

தோண்டும்போது எடுத்த மேல்மண்ணைத் தார்ப்பாயில் மூடி வைத்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் வெட்டிய இடங்களில் அதைப் பரப்பி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அரையடிக்கு ஒரு வெட்டிவேர் நாற்று நடுங்கள். புரட்டாசிக்குள் அது வேர் பிடித்திருக்க வேண்டும்; ஐப்பசி மழை காத்திருக்காது.