சொந்த போர்வெல் உள்ள ஃபிளாட்டுக்குக் குடிநீர்க் குறிப்புகள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் பல வீட்டுக் குழாய்களில் வருவது மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்ததுதான். மெட்ரோ வாட்டர் வாரியம் தன் தண்ணீரைச் சோதிக்கும். நம் போரை யாரும் வந்து பார்ப்பதில்லை. குடியிருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் சம்ப்பைப் பாருங்கள். ரோடு போடப் போடத் தெரு உயர்கிறது, சம்ப் மூடி தாழ்ந்துபோகிறது. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து அந்த மூடி வழியாகத்தான் உள்ளே இறங்கும். விளிம்பைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டி, இறுக்கமான மூடி போடுங்கள். சாக்கடை சேம்பர் பக்கத்திலேயே இருந்தால், சம்ப்பைக் காலி செய்து சுவரில் கசிவு உண்டா என்று பார்ப்பது அவசியம். யாரையும் தனியாக உள்ளே இறக்காதீர்கள்.

2. போருக்கும் மெட்ரோ வாட்டருக்கும் தனித்தனி சம்ப் நல்லது. மெட்ரோ வாட்டரில் மிஞ்சியிருக்கும் குளோரின்தான் கிருமியைத் தடுக்கிறது. போர் தண்ணீர் கலந்தால் அதுவும் குறைந்துவிடும். இடமில்லையென்றால் சமையலறைக்காவது தனி லைன் இழுங்கள்.

3. டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது உப்பைத்தான் சொல்லும். 300 காட்டுகிற தண்ணீரிலும் மலக்கிருமி இருக்கலாம்.

4. மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை பரிசோதனை செய்யுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபிலோ விசாரியுங்கள். கிருமிச் சோதனைக்கு லேப் தரும் பாட்டில்தான் வேண்டும், கழுவிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் உதவாது. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஐ.எஸ். 10500 தரப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. நைட்ரேட் 45 மி.கி. தாண்டக் கூடாது. ஈ.கோலை 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நகரத்தில் நைட்ரேட் ஏறியிருந்தால் சாக்கடைக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

5. கிருமி நீக்க, தொட்டியில் 1000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம்.

6. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் போகாது. நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கவே கூடாது.

7. கிராமத்து ஊராட்சித் தொட்டிகளில் சுத்தம் செய்த தேதியைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். நம் மாடித் தொட்டியிலும் எழுதுங்கள். பரிசோதனை ரிப்போர்ட்டை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள், அசோசியேஷன் செயலாளரின் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

8. மழைநீர் சேகரிப்புக் குழியை ஆகஸ்டிலேயே தூர்வாருங்கள். கிணறு இருந்தால் அதற்கு மொட்டைமாடித் தண்ணீர் மட்டும் போகட்டும், கார் நிறுத்துமிடத்துத் தண்ணீர் வேண்டாம். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

9. மெட்ரோ வாட்டரே கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு 1916-க்குப் புகார் செய்யுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். அங்கேயும் அப்படித்தான் வந்தால் கோளாறு தெருக் குழாயில், உங்கள் வீட்டில் மட்டும் என்றால் சம்ப்பிலோ வீட்டு இணைப்புக் குழாயிலோ இருக்கலாம்.