நான்கு கைகள், நான்கு கால்கள், ஓர் ஆர்கன்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மேல்நாட்டு இசையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தேவாலயத்து பைப் ஆர்கனும் ஒரு மெஷின்தான்.

குழாய்களின் அடியில் காற்று அழுத்தத்தோடு காத்திருக்கும். கட்டையை அழுத்தினால் வால்வு திறக்கும், குழாய் ஒலிக்கும். நம்ம பிசிக்ஸ் லேப் கணக்குதான்: 8 அடிக் குழாய் 16 அடியானால் அதிர்வெண் பாதியாகும். கைகளுக்குச் சில வரிசைக் கட்டைகள், கால்களுக்குத் தனி வரிசை.

சில கச்சேரிகளில் ஒரே ஆர்கனை இரண்டு பேர் வாசிக்கிறார்கள். ஏன்? மொசார்ட் 1791-ல் வியன்னாவில் எழுதிய எஃப் மைனர் ஃபேன்டசியை (கே. 608) எடுத்துக்கொள்ளுங்கள். அது மனிதர் வாசிக்க எழுதினதே இல்லை! கடிகாரம் போலத் தானே இயங்கும் ஆர்கனுக்கு எழுதியது. முள் பதித்த உருளை சுழலச் சுழல வால்வுகள் திறக்கும். உருளைக்குப் பத்து விரல் என்ற கணக்கு உண்டா? அதனால்தான் ஒருவர் வாசிப்பதற்கு அது மிகக் கடினம். இருவர் என்றால் நான்கு கை, நான்கு கால்!

பங்கு பிரித்தால் மட்டும் போதாது. ஆர்கன் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது. 'ஸ்டாப்' குமிழை இழுத்துக் கூடுதல் குழாய்களைச் சேர்க்கணும். யார், எப்போது இழுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்கணும்.

உருளை யாருக்காகவும் நிற்காது. இருவர் வாசித்த ஒலிப்பதிவில், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் சின்ன இடைவெளி கேட்டேன். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நேரம் அது. எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒர்க் ஷாப்பில் ஒரே ஜாபை இரண்டு பேராகப் பிடிக்கும் நமக்கு அந்தக் காத்திருப்பின் அருமை தெரியாதா என்ன!