மீன் பெட்டி ஐஸும் எலுமிச்சைத் தேநீரும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. அங்குள்ள ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. கோடையில் அதன் கரையிலுள்ள மீனவக் குப்பங்களுக்குப் போனால் ஒரு வேடிக்கையைக் காணலாம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்; குடிக்க உதவாது. கைக்கெட்டும் தூரத்தில், மீன் பெட்டிகளில் ஐஸ். அதுவும் குடிக்க உதவாது!

ஆனால் கோடையில் தாகம் சும்மா விடுமா? வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் வெளியேறும். ஏரிக்கரைக் காற்றிலோ ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. உடம்பு குளிர்வதில்லை, நீரும் உப்பும்தான் நஷ்டம். ஆகவே வலை இழுத்துவிட்டு வருபவருக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அதோடு, சிறிது சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்த எலுமிச்சைத் தேநீரும் நல்லதே. சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால் குடல் நீரை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஐஸ் போட்ட தேநீர் அமெரிக்கர்களிடையே பரவிய பழக்கம். 1904-ல் செயின்ட் லூயி பொருட்காட்சியில் இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்த வந்த ரிச்சர்டு பிளெச்சிண்டன் என்பவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள்! 1879-லேயே வெளிவந்த வர்ஜீனியச் சமையல் புத்தகம் ஒன்றில் எலுமிச்சையோடு இதன் செய்முறை இருக்கிறது.

இனி நம் ஐஸுக்கு வருவோம். மீனுக்கான ஐஸ் குடிநீரில் செய்யப்பட்டது என்று சொல்வதற்கில்லை. கோணியில் புரண்டு, தரையில் இழுபட்டு, மீனோடு கிடக்கிறது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான எண்ணம். காலரா, டைபாய்டு கிருமிகள் ஐஸிலும் பிழைத்திருக்கக்கூடும். எலுமிச்சையின் புளிப்பை நம்பியும் பயனில்லை. இரண்டு வகை ஐஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டுமென்று 2018-ல் மகாராஷ்டிரத்தில் விதித்தார்கள்.

அப்படியானால் அந்தக் குளிர்ச்சி நமக்குப் பயன்படாதா? பயன்படும். உலோகத்தின் வழியே வெப்பம் பாயும், கிருமி பாயாது. எனவே ஐஸைத் தேநீருக்குள் போடாமல், தேநீரை ஐஸுக்குள் வைப்போம்!

நான்கு டம்ளருக்கு, அதாவது 600 மில்லிலிட்டருக்கு, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். மூன்று தேக்கரண்டி தேயிலைத் தூள் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். சூடாக இருக்கும்போதே ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேருங்கள். குளிர்ந்த பிறகு சர்க்கரை எளிதில் கரையாது. எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மூடி, நிழலில் ஆறவிடுங்கள்.

ஏன் ஆறவிட வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 டிகிரி செல்சியஸ் தேநீரை 10 டிகிரிக்குக் கொண்டுவர 600 × 75 = 45,000 கலோரியை நீக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. உருகிய நீர் 10 டிகிரிக்கு வர இன்னும் 10. ஆக 90. அப்படியானால் 500 கிராம் ஐஸ் தேவை. அதை உள்ளே போட்டால் உங்களுக்குக் கிடைப்பது தேநீரா, தண்ணீரா? முதலில் 35 டிகிரிக்கு ஆறிவிட்டால் 15,000 கலோரிதான். 167 கிராம் போதும். காற்றின் வெப்பமும் ஐஸை உருக்குமாதலால் அரைக் கிலோவாக எடுத்து, உடைத்து, வாளியில் தூக்கைச் சுற்றி நிரப்பி, கோணியால் மூடுங்கள். ஐஸ் தூக்கின் கழுத்துக்குக் கீழேயே நிற்கட்டும். ஊற்றுமுன் தூக்கின் வெளிப்புறத்தைச் சுத்தமான துணியால் துடைக்க மறக்காதீர்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு போதும், எல்லாப் பாடும் வீணாக!

எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழியும். சாறு விழுந்ததும் தேநீரின் நிறம் வெளிறுகிறதல்லவா? தேயிலையின் தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் வெளிறும் தன்மையுடையது. தனியே சிறிது தேநீரில் சமையல் சோடா போட்டால் கறுக்கும். (அதைக் குடிக்க வேண்டாம்!) கடுந்தேநீர் குளிரும்போது கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். காஃபீனும் நிறப்பொருள்களும் ஒன்றுசேர்ந்து பிரிவதால் வரும் கலங்கல் அது, சூடாக்கினால் மறையும்.

இன்னும் விரைவாகக் குளிர வேண்டுமா? மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பைச் சேருங்கள். கலவை சுழியத்துக்கும் வெகு கீழே போகும். தூக்கின் உட்சுவரில் தேநீரே உறையத் தொடங்கும். ஐஸ் தொழிற்சாலையிலும் உறையாத குளிர்ந்த உப்புநீரில் தகரப் பெட்டிகளை இறக்கித்தான் ஐஸ் பாளம் வார்க்கிறார்கள். கலவையில் வெறுங்கையை வைக்காதீர்கள். பள்ளி வெப்பமானி கிடைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கலவையின் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். மிஞ்சும் உப்புத் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.