வாசகம் வாசிக்கப் போகிறீர்களா?

டில்லியில் தமிழ்த் திருப்பலிக்கு வாசகம் வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? பகுதியை வியாழக்கிழமையே கேட்டு வாங்கி, வீட்டில் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். மனதுக்குள் படித்தால் நெபுகத்னேசர் சுலபமாகத்தான் இருப்பார். மைக் முன்னால்தான் காலை வாருவார். அப்படிப்பட்ட பெயர்களைப் பென்சிலால் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: நெபு-கத்-னேசர். இந்தியில் படித்து வளர்ந்த பிள்ளைகள் தேவநாகரியில் எழுதி வைத்துப் படிப்பதும் உண்டு. தவறில்லை, ழகரத்தை மட்டும் பெரியவர் யாரிடமாவது சரிபார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிறன்று முதல் மெட்ரோ எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பாருங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போய், வாசக நூலில் பக்கத்தைத் தேடி ரிப்பன் வையுங்கள். ஜனவரிக் குளிரில் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் இருக்கையிலேயே இருக்கட்டும். வெளிப்பனியிலிருந்து உள்ளே வந்ததும் கண்ணாடி மங்கும், துடைத்துக்கொள்ளுங்கள்.

‘முதல் வாசகம்’ என்ற தலைப்பைப் படிக்க வேண்டாம். ‘இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்’ என்றே தொடங்குங்கள். முடிவில் மூச்சு விடும் நேரம் நிறுத்தி, ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொல்லுங்கள். அவசரப்பட்டால் மக்களின் பதில் உங்கள் குரலோடு மோதும்.

பெண்கள் தயங்க வேண்டாம். வாசகர் பணியை முறைப்படி அவர்களுக்கும் வழங்கலாம் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியிலேயே திருச்சபைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்.