மென்பொருளின் குறிப்பேடும் அதன் கடைசி வரிகளும்

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள், தன் செயல்களை நேரத்துடன் குறித்துவைக்கும் கோப்பிற்கு ‘லாக்’ என்று பெயர். பழுது நேர்ந்தபின் காரணம் அறியப் பெரும்பாலும் உதவுவது இதுவே.

ஒரே மென்பொருளுக்குள் பல பணிகள் ஒருங்கே நடைபெறுவது உண்டு. அப்பணித் தொடர்களை ‘திரெட்’, அதாவது இழை, என்பர். பத்து எழுத்தர்களுக்குப் பதிவேடு ஒன்றே எனக் கொள்வோம். ஒருவர் எழுதுகையில் மற்றவர் காத்து நிற்க வேண்டும். இல்லையேல் வரிகள் கலந்துபோகும். இழைகளின் நிலையும் அதுவே. மேலும், நினைவகத்தை நோக்க வட்டில் எழுதும் வேகம் மிகக் குறைவு. ஆகவே குறிப்பெழுதும் சிறு காரியத்தால் முதன்மையான பணி தேங்குகிறது.

இதற்குக் கண்ட வழி எளிது. ஒவ்வோர் இழையும் தன் குறிப்பை நினைவகத்திலுள்ள வரிசையொன்றில் இட்டுவிட்டு உடனே தன் வேலைக்குத் திரும்பும். இவ்வரிசையே ‘பஃபர்’. குறிப்பெழுதுவதற்கென்றே அமைந்த தனி இழை அவற்றை எடுத்துக் கோப்பில் எழுதும்.

பஃபர் நிரம்பினால் என் செய்வது? இடம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அப்போது பழைய தாமதமே திரும்பும். அன்றேல் குறிப்பைக் கைவிடலாம். ஜாவா மென்பொருள்களில் பெரிதும் வழங்கும் ‘லாக்பேக்’ இரண்டையும் கலந்து கையாள்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிடில் அதன் வரிசை 256 குறிப்புகளைக் கொள்ளும். காலியிடம் 20 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கியதும், சாதாரணத் தகவல்களைத் தள்ளிவிட்டு எச்சரிக்கைகளையும் பிழைகளையும் மட்டும் ஏற்கும். இதனை அறியாதவர், குறிப்பு இல்லாமை கண்டு, அச்செயலே நிகழவில்லை என முடிவுகட்டக் கூடும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மென்பொருள் திடீரென முறிந்தால் பஃபரில் எஞ்சியவை அழிந்துபோம். பழுதின் காரணம் பெரும்பாலும் அக்கடைசி வரிகளிலேயே இருக்கும்! எனவே பணக் கணக்கு போன்ற, ஒரு வரியும் தவறக்கூடாத பதிவுகளை இம்முறைக்கு விடுவது தகாது. கோப்பில் எழுதியவையும்கூட வட்டைச் சேருமுன் இயக்க அமைப்பின் நினைவகத்தில் சற்றுத் தங்குவதால், மின்தடையில் இழக்கப்படலாம்.

இவ்விழப்பை வகுப்பில் காட்டுவது எளிது. ஓர் இழையே போதும். விநாடிக்கு ஒரு சிறு வரி வீதம் கோப்பில் எழுதும் பைத்தான் நிரல் ஒன்றை இயக்கி, பத்து விநாடிக்குப் பின் வலிந்து நிறுத்துக. கோப்பு வெறுமையாக இருக்கும். வரிதோறும் ‘ஃபிளஷ்’ கட்டளையைச் சேர்த்து மீண்டும் இயக்கினால், நிறுத்தும்வரை எழுதிய வரிகள் கோப்பில் காணப்படும்.